நட்சத்திரக் குறியிட்ட ஒரு ரூபாய்

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை, காலை பதினொன்று இருபது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆடிக்காற்று தெருப் புழுதியை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. மழைக்கு வழியில்லை.

"ஏங்க, தட்டுல வச்சிருந்த ஒத்த ரூவாயப் பாத்தீகளா?" என்று என் மனைவி பூஜை அலமாரி முன்னால் நின்று கேட்டாள்.

ஒன்பது மணிக்கு அதை நான்தான் எடுத்தேன்.

சிவகாசியில் ஓர் அச்சாபீசில் முப்பத்தாறு வருடம் தாள் எண்ணியவன் நான். ஓய்வுக்குப் பிறகு எண்ணுவதற்கு எதுவுமில்லாமல் சில்லறைக்கு வந்தேன். பஜாரில் மொத்த மளிகை வைத்திருக்கும் பாய் கடையில் காசு பிரிக்கும் மெஷின் உண்டு. அது அளவைப் பார்த்துப் பிரிக்கும். வருடத்தையோ, எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் சின்னக் குறியையோ பார்க்காது. பழைய பெரிய ஒரு ரூபாய்கள் ஆயிரம் கொண்ட பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிதான வருடம், கோணலாக அடித்த காசு என்று பொறுக்கிக்கொண்டு, எடுத்த எண்ணிக்கைக்கு வேறு காசு போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். பை ஆயிரத்துக்குக் குறையக் கூடாது. அதுதான் எங்கள் ஏற்பாடு.

அன்று ஒன்பது காசு பொறுக்கியிருந்தேன். மாற்றுக்கு எட்டுதான் இருந்தது. தட்டில் கிடந்ததைப் போட்டுப் பையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அது நேர்த்திக்கடன் காசு. விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போன மருமகளுக்கு வலது கை வெந்தபோது, விரல்கள் மடங்கினால் இருக்கன்குடி மாரியம்மனுக்குச் செலுத்துவதாக என் மனைவி மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது. ஏழு மாதம் கழித்து விரல்கள் மடங்கிவிட்டன. மறுநாள் கோயிலுக்குப் போகத் துணி மாற்றிக் கட்டலாம் என்று அவிழ்த்து, காசைக் கழுவித் தட்டில் வைத்திருக்கிறாள்.

சொன்னேன். அவள் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேற காசு போட்டா அது வேண்டுனதாகுமா?" என்று மட்டும் கேட்டாள். மருமகள் தன் கையை மூடி மூடித் திறந்து பார்த்தாள். அதைப் பார்த்ததும் பாய் கடைக்குக் கிளம்பிவிட்டேன். மருமகளும் கூடவே வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இப்பத்தான போனீக? ஒரு ரூவா கூடுதலா வந்திருச்சா?" என்றார் பாய்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "மூணு பையையும் ஒண்ணாக் கொட்டி மெஷின்ல விட்டுட்டனே! ரெண்டு மணிக்குச் சில்லறை வாங்குற கம்பெனி ஆளு வந்து எடுத்துட்டுப் போயிருவாரு."

"1994. வருசத்துக்குக் கீழ நட்சத்திரம் இருக்கும். துணியில முடியும்போதே குறிச்சு வச்சிருக்கேன்," என்றேன்.

"குறிக்காம விடுவீகளா நீங்க!" என்று சிரித்தவர், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூடை தூக்கும் இருவரைக் கூப்பிட்டார். "ஏலே, மூடையப் போட்டுட்டு இங்கன உக்காருங்க."

மூவாயிரம் காசு விரித்த சாக்கில் கொட்டப்பட்டது. ஐந்து பேர் உட்கார்ந்தோம். ஆளுக்கு அறுநூறு. வியாபார நேரத்தில் கடையை மூடிய மனிதர் வாசலில் வந்தவர்களையெல்லாம் "சாயங்காலம் வாங்க" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது நட்சத்திரமா, ஈ எச்சமா?" என்றார் மூடை தூக்கும் ஒருவர்.

"தேச்சுப் பாருல. போனா எச்சம்," என்றார் பாய்.

மருமகள் வலது கையாலேயே பொறுக்கினாள். சுண்டுவிரல் முழுதாக மடங்காததால் அடிக்கடி காசு நழுவியது. இடது கைக்கு அவள் மாறவில்லை.

ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. 1994, நட்சத்திரம்: ஏழு காசு. எது எங்களுடையது? கழுவிவிட்டதால் மஞ்சள் கறையும் இல்லை. ஏழையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை.

"ஏழையும் போட்டுருங்க அண்ணாச்சி," என்றார் பாய். "ஆத்தா தனக்குள்ளத எடுத்துக்கிடுவா. மிச்சத்துக்குச் சில்லறையா கேக்கப் போறீக?"

மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். கை வெந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. பக்கத்துக் கடையில் நான் மாற்றி வந்த ஏழு ரூபாய்க் காசை வாங்கிப் பையில் போட்ட பாய், டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மூடை தூக்கியவர்களும் வாங்கவில்லை.

மறுநாள் உண்டியல் முன் மருமகள் காசுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். விழுந்த சத்தத்தை எண்ணினேன், ஏழு. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "போதும்ங்க, சேந்துருச்சு," என்றாள். எனக்காகவும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று தெரிந்தது. பாயையும், பெயர் கேட்க மறந்துபோன அந்த இரண்டு பேரையும் நினைத்துக் கும்பிட்டேன்.

மூன்று பேருக்குப் போக வர பஸ் நூற்றைம்பது, மாலை நாற்பது, மாற்றுக் காசு ஏழு. ஆக மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றேழு ரூபாய்.