பிரிப்பதற்கு முன் ஒரு பதிவு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் என்னிடம் நம்பித் தந்தால் எனக்குப் பயம். லண்டனில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்துக்கொண்டிருந்த எண்பதுகளின் கடைசியில், ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் கார்னிவல் ஓர்கனை நம்பித் தந்தார்.

ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று தானாக வாசிக்கும் இயந்திரம் அது. சக்கரத்தைச் சுற்றினால் தோல் துருத்தி காற்றடிக்கும். துளையிட்ட மடிப்பு அட்டை உள்ளே ஓட, துளைக்கேற்பக் குழல்கள் ஒலிக்கும். மறுநாள் பட்டறைக்காரர்கள் அதைத் திருத்தப் பிரிக்கப் போகிறார்கள். புதுத் தோல் போட்டபின் பழைய சுருதியைப் பிடிக்க நான் ஓர் ஒலிப்பதிவு செய்துதர வேண்டும். மற்ற அட்டைகள் ஈரத்தில் ஊதிவிட்டன, ஓடக்கூடியது ஒன்றுதான்.

அட்டையை மறுபக்கம் ஏந்த, லண்டன் பிளேஸ்டோ பகுதியில் என்னோடு அறையிலிருந்த அண்ணையைக் கூட்டிப்போனேன். பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்திருந்தார். கிழவர் அட்டை போடாமல் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட, துருத்தி இரைத்தது.

"இதென்னடா தம்பி, எங்கட கோயில் நாதஸ்வரக்காரரும் இப்பிடி மூச்சு இளைக்கமாட்டார்."

"அண்ணை, பதிவு தொடங்கினாப் பிறகு கதைக்கக் கூடாது."

"ஓம் ஓம். தும்மல் வந்தா?"

"விழுங்குங்கோ!"

கிழவர் சக்கரத்தைச் சுற்றினார். ஹெட்போனில் புல்லாங்குழல்கள், மேளம், துருத்தியின் பெருமூச்சு. பாட்டின் இரண்டாம் பாதியில் மட்டும் எக்காளக் குழல்கள் வரும். அவற்றுக்காகக் காத்திருந்தபோது மெல்லிய சரசரப்பு கேட்டது. அட்டை எங்கோ கொளுவி இழுபடுகிறது. அந்தச் சத்தத்தில் வேறொருவருக்கும் அது கேட்டிருக்காது. கத்தினால் பதிவு போச்சு. கத்தாவிட்டால் அட்டை போச்சு.

"அண்ணை, நிப்பாட்டச் சொல்லுங்கோ! கிழியுது!"

அண்ணை பாய்ந்து கிழவரின் கையைப் பிடித்தார். குழல்கள் எல்லாம் ஒன்றாகச் சுருதி இறங்கி அடங்கின.

மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. டேப் ஒட்டிப் பார்த்தோம். தடித்துப்போய் உள்ளே நுழைய மறுத்தது. பதிவு பாதியோடு நின்றது. கிழவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கோடையில், திருத்திய ஓர்கனைக் கேட்கக் கூப்பிட்டார். கிழிந்ததைப் பார்த்து அட்டையையும் புதிதாக வெட்டியிருந்தார்கள். முதல் பாதி நான் பதிந்ததைப் போலவே இருந்தது. நான் கத்திய இடம் நெருங்க, ஓடும் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத் தாண்டி எக்காளங்கள் எழுந்தன. பதிவில் இல்லாத அவற்றை அவர்கள் ஊகித்துத்தான் சுருதி சேர்த்திருக்க வேண்டும்.

"முந்தியும் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டேன்.

கிழவர் தலையைச் சாய்த்து, முடியும்வரை கேட்டார்.

"இருந்திருக்கும்," என்றார்.