சிவப்புப் பொத்தான்

என் தம்பியைத் தவிட்டுக்கு வாங்கியதாகத்தான் எங்கள் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பிள்ளைகளைச் சீண்டுவதற்குப் பெரியவர்கள் சொல்லும் பேச்சு அது என்று மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு கட்டத்தில் புரிந்துவிடும். எனக்கு ஒன்பது வயதாகியும் புரியவில்லை. நல்ல செய்தி எதையும் நான் லேசில் நம்பமாட்டேன். கெட்ட செய்தி என்றால் சொல்லி முடிப்பதற்குள் நம்பிவிடுவேன்.

மலைமேல் எடப்புளி நாட்டில் இருந்த எங்கள் ஊரில், எங்கள் கிழங்குக் காட்டுக்கு அடுத்த காடு ஓர் அம்மாளுடையது. ஒரு நாள் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார்.

"உங்க சித்தி உன் தம்பியக் கேட்டிருக்காளாம் கண்ணு. இந்த லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. தவுட்டுக்கு வாங்குனதுதானே, குடுத்துட்டாப் போவுது."

சொல்லிவிட்டு அவர் கிழங்கை உதறப் போய்விட்டார். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. மலையிலிருந்து இறங்கிப் போய் நாமக்கல்லில் ஓர் ஆபீசில் டிரைவராக இருந்தார். காளப்பநாயக்கன்பட்டியில் குடியிருந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. தம்பிக்கு நாலு வயதாகிவிட்டது, ஆனாலும் சித்தி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் கிளம்பும்வரை இறக்கமாட்டாள். அதுவரை நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் கணக்குப் பொருந்தியது.

மே மாதம் அவர்கள் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். பின் சீட்டில் ஒரு பக்கம் குட்டி நாற்காலி ஒன்று, தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டை, நடுவில் சிவப்புப் பொத்தான். பிள்ளை இல்லாதவர்கள் வண்டியில் பிள்ளைக்கு நாற்காலி எதற்கு? ஆபீசர் வீட்டுப் பையன் வளர்ந்துவிட்டதால் சும்மா கொடுத்தார்கள் என்றார் சித்தப்பா. அதை நான் நம்பவில்லை.

அம்மாவுக்கும் அந்த நாற்காலி பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பத்திரமான இடம் என்றால் அது தாயின் மடிதான். ஜீப்பின் முன் சீட்டில் நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்வருவோம்.

"இதென்ன தம்பி, புள்ளைய இப்பிடி மாட்டக் கட்டற மாதிரி கட்டிக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று சித்தப்பாவிடம் கேட்டாள்.

"கட்டலீங்க அண்ணி. எழுவது வளைவுங்க. சடக்குனு பிரேக் போட்டா மடியில இருக்கற புள்ள நம்ம கையில நிக்காதுங்க. தெனமும் பாக்கறனே."

பத்து நாள் லீவுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போவதாகப் பேச்சு. ஆனால் தம்பியின் பையில் அம்மா அவனுடைய பொங்கல் சட்டையையும் சேர்த்து ஐந்து சட்டை வைத்ததைப் பார்த்தேன். அப்பா அவனுடைய பிறப்புச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சித்தப்பா கையில் கொடுத்ததையும் பார்த்தேன். ஆதார் அட்டைக்குப் போட்டோ எடுக்க என்றார்கள். போட்டோ எடுக்க ஐந்து சட்டையா? என்னைக் கூட்டிப்போவது அவன் அழாமல் இருப்பதற்கு. திரும்பி வரும்போது நான் மட்டும் வருவேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

சித்தப்பா தம்பியை நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டைகளை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். எனக்கும் ஒரு பெல்ட்டைப் போட்டுவிட்டார். இறக்கத்துக்கு முன்னால் வருகிற சோளக்காடு என்ற ஊரில் டீ குடிக்க அவர் மட்டும் இறங்கினார். அப்போது நான் சத்தமில்லாமல் என் பக்கத்துக் கதவை இழுத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. மறுபடி இழுத்தேன். டீ கிளாசோடு நின்ற சித்தப்பா கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார்.

"உள்ள இருந்து தொறக்காது சாமி. வெளிய இருந்து நாந்தான் தொறக்கோணும்."

ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல அவர் அதைச் சொன்னார். தம்பி நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அவனை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

இறக்கம் ஆரம்பித்தபோது என்னிடம் திட்டம் தயாராக இருந்தது. வளைவுகளில் யாருக்காவது வயிற்றைப் புரட்டினால் எந்த வண்டியானாலும் நிற்கும். நான் வாந்தி வருகிறது என்பேன். சித்தப்பா இறங்கி வந்து கதவைத் திறப்பார். உடனே தம்பியை இழுத்துக்கொண்டு மேலே ஓடிவிட வேண்டும். அவன் அந்த நேரத்தில் கட்டிக் கிடந்தால் காரியம் கெட்டுவிடும். ஆகவே முதலில் அவனை அவிழ்க்க வேண்டும்.

சித்தி முன் சீட்டிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் திரும்பி எங்களைப் பார்த்தாள். வாங்கிய சாமான் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன். தம்பி தூங்கிவிட்டான்.

"மொகம் வெளுத்துருச்சே கண்ணு. தலைய சுத்துதா? இரு, எலுமிச்சம்பழம் தாரேன்."

பையில் தேட அவள் குனிந்தாள். நான் பலமாக இருமிக்கொண்டே, இரண்டு கட்டைவிரல்களையும் சிவப்புப் பொத்தானில் வைத்து உடம்பு பலம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். கொக்கி விட்டது. பட்டைகளை அவன் தோளிலேயே கிடக்கும்படி சரிசெய்துவிட்டு, சித்தி நீட்டிய பழத்தை வாங்கி மோந்தேன். வளைவுப் பலகையில் நாற்பத்தேழு என்று போட்டிருந்தது. அடுத்த வளைவில் வாந்தி என்று சொல்லலாம் என்று இருந்தேன்.

அடுத்த வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். பெல்ட் என் மார்பைப் பிடித்து நிறுத்தியது. தம்பியை நிறுத்த எதுவும் இல்லை. அவன் நாற்காலியிலிருந்து கிளம்பிப் போய் முன் சீட்டின் இரும்பில் வாய் இடிக்க விழுந்தான். கொஞ்ச நேரம் அவனிடமிருந்து சத்தமே வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகிறது.

பிறகு அவன் அழுதான். சித்தி பின்னால் ஏறி, ஒரு கையால் அவன் வாயில் முந்தானையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தக் கொக்கியை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் அதைக் கீழே விட்டுவிட்டாள்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் உதட்டில் நாலு தையல் போட்டார்கள். முன்பல் இரண்டு போயிருந்தது. போன் செய்ததும் அம்மாவும் அப்பாவும் கிடைத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். அம்மா தம்பியைப் பிடுங்கிக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் தடுமாறினார்.

"ரெண்டு வாட்டி இழுத்துப் பாத்துத்தானுங்க அண்ணி மாட்டுனேன். எப்பிடிக் கழண்டுச்சுன்னே..."

சித்தி அவரைப் பேசவிடவில்லை.

"நாந்தானுங்க்கா கழட்டுனேன். சோளக்காட்டுல தண்ணி கேட்டான். திரும்ப மாட்ட மறந்துட்டேன்."

தம்பி தண்ணீர் கேட்கவில்லை. சோளக்காட்டில் சித்தி முன் சீட்டை விட்டு அசையவுமில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். எதற்காக இவள் பொய் சொல்கிறாள்?

"பெத்து வளத்திருந்தா மறக்குமா?" என்றாள் அம்மா.

அப்பா தரையைப் பார்த்தார். சித்தியின் முந்தானையில் தம்பியின் ரத்தம் காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே போய் ஒரு பன் வாங்கி வந்து, என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீட்டினாள். "காலையில இருந்து நீ ஒண்ணும் திங்கலியே கண்ணு." நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. தம்பி கிடைக்காததால் இப்போது என்னைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று முடிவுகட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிற்பாடு நான் டவுனுக்குப் படிக்கப் போனேன். தோழி ஒருத்தியின் அக்கா பிள்ளைக்கு அப்படி ஒரு நாற்காலியில் பட்டை மாட்டிவிடும்படி ஆயிற்று. பொத்தான் அவ்வளவு கடினமாக இருந்தது. தானாக அது விடாது, தூங்குகிற நாலு வயதுப் பிள்ளையாலும் அதை அழுத்த முடியாது. கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்த அந்த நிமிஷமே சித்திக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர்கள் தம்பியைக் கேட்கவே இல்லை என்று அம்மாவும் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. சித்தியிடம் இன்றுவரை அதைப் பற்றி நான் பேசியதில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டிலிருந்து யாரும் எந்த லீவுக்கும் பிள்ளைகளை அவர்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை.

தையல் போட்ட அன்று சாயங்காலம் கடைசி பஸ்ஸில் மலை ஏறினோம். தம்பி வீங்கிய உதட்டோடு அம்மா மடியில் கிடந்தான். அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே நிம்மதி. ஸ்டாப்பில் சித்தி பன்னைக் கையில் வைத்துக்கொண்டே நின்று, பஸ் திரும்பும்வரை எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.