வாசலில் மாற்றிய சேலை

காலை ஏழேகாலுக்கு முதல் வேன் வந்து நிற்கும்போது பத்திரகாளி அத்தை பட்டாசுக் கம்பெனியின் வாசலில் தயாராக இருப்பாள். ஏழாயிரம்பண்ணையிலிருந்து உள்ளே போகும் மண்பாதையின் கடைசியில், கருவேலங்காட்டை ஒட்டி இருக்கிறது அந்தக் கம்பெனி. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வர, அத்தை அவர்களுடைய முந்தானை நுனியை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து லேசாகத் தேய்ப்பாள். பருத்தி என்றால் தலையை ஆட்டுவாள். நைலான், பாலியஸ்டர் என்றால் ஓரமாக நிறுத்திவிடுவாள். உரசினால் பொறி கிளம்பும் துணியைக் கட்டிக்கொண்டு வெடிமருந்து இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது. நோட்டில் பேர் பதிவதும், செல்போன்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் அவள் வேலைதான்.

சொந்தத்தில் அவள் எனக்கு அத்தை இல்லை. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். என் அம்மா ராமுத்தாய் அதே கம்பெனியில் பெட்டி போடும் ஷெட்டில் வேலை பார்க்கிறாள். அந்தப் பழக்கத்தில் அவள் எனக்கு அத்தை, நான் அவளுக்கு மருமகன். நான் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் இருக்கிறேன்.

அத்தையும் முன்பு மருந்து செலுத்தும் அறையில் இருந்தவள்தான். பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு தீயில் அவளுடைய வலது கை வெந்து, மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அதற்குப் பிறகு வாசலில் போட்டார்கள். துணி பார்ப்பதெல்லாம் இடது கைதான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நூறு சதம் பருத்தியா, கலப்படமா என்று சொல்லிவிடுவாள். பெண்கள் அவளைச் சும்மா விட மாட்டார்கள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரி கணக்கா தடவிப் பாக்கா பாரு. பிடிச்சிருக்கா மதினி, தட்டு மாத்திருவமா?"

அத்தை சிரிக்க மாட்டாள். "ஒஞ்சேலை பிடிச்சிருக்கு. நீதான் பிடிக்கலை. உள்ள போ" என்பாள்.

நைலான் கட்டி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் வேன் உடனே போய்விடும். பஸ் வரும் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும், அன்றைய கூலியும் போய்விடும். ஒருநாள் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி அந்த வெயிலில் அழுதுகொண்டே நடந்து போனதைப் பார்த்த பிறகு, அத்தை தன்னுடைய பழைய பருத்திச் சேலைகள் ஆறை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். தப்பான துணியில் வருகிறவள் வாட்ச்மேன் அறையில் அதை மாற்றிக்கொண்டு உள்ளே போகலாம். சாயங்காலம் தன் சேலையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஆறையும் அலசிக் காயப்போடுவாள். எங்கள் தெருக்கொடியில் அவை தொங்குவதைப் பார்த்தால் நாளை வேலை நாள் என்று தெரியும். போர்மேன் ஜெயபாண்டிக்கும் இது தெரியும். சீசன் நேரத்தில் ஆள் குறையாமல் இருந்தால் சரி என்று கண்டும் காணாமல் இருந்தார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அனுப்பிரியா ஜிகினா ஓடிய நீலச் சேலையில் வேனிலிருந்து இறங்கினாள். கல்யாணமாகி இரண்டு வருடம். புருஷன் பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சாத்தூரில் நாத்தனார் மகளுக்குச் சடங்கு. மத்தியானம் வரை வேலை பார்த்துவிட்டு நேரே அங்கே போவதாக அவளுக்குத் திட்டம். அத்தை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தூரத்திலேயே தெரிந்தது. ஓரமாக நிற்கச் சொன்னதும் அனுப்பிரியா முகம் வாடவில்லை. உண்மையில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம். அப்படியென்றால் வீட்டுக்கே போய்விடுகிறேன், சடங்கு வீட்டுக்குச் சீக்கிரம் போனால் நாத்தனாரும் திட்ட மாட்டாள் என்றாள். அத்தைதான் விடவில்லை. அரைநாள் கூலியை யாராவது விடுவார்களா என்று கேட்டு, பையிலிருந்து பச்சைக் கட்டம் போட்ட சேலையை எடுத்து, தானே இடது கையால் கொசுவம் மடித்துக் கொடுத்து உள்ளே அனுப்பினாள். நீலச் சேலையை மடித்துச் செல்போன் அலமாரியில் வைத்தாள்.

பதினொன்றரைக்கு நான்காம் நம்பர் அறை வெடித்தது.

பிரஸ்ஸில் எனக்குப் போன் வந்தது. பைக்கில் நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி ஷெட் தூரத்தில் இருந்ததால் அவளுக்கு ஒன்றுமில்லை. என்னைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டாள். நான்காம் அறை இருந்த இடத்தில் சுவர் இல்லை. அறையில் இருந்தது மூன்று பேர். இரண்டு பேரைப் பேச்சில்லாத நிலையில் மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு உடலைச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அது யார் என்று உறுதியாகத் தெரியவில்லை. அன்று காலையில் ஆள் வராத இடங்களுக்கு வேறு அறைகளிலிருந்து பெண்களை மாற்றிவிட்டிருந்ததால் நோட்டில் இருந்த பெயரும் உள்ளே இருந்த ஆளும் பொருந்தவில்லை. அதோடு, வெடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் கம்பிவேலியைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். இரண்டு மணி, மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஒவ்வொருவராகத் திரும்புவார்கள். அன்றைக்கும் ஏழெட்டுப் பேரைக் காணவில்லை.

இரண்டு மணிக்குப் பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தான். அவன் முகத்தில் இருந்தது சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

"எம்பொண்டாட்டி இல்லங்க அது" என்றான் எல்லோரிடமும் பொதுவாக. "மூஞ்சி தெரியலை. இடுப்புல சொருகுன துணி மட்டும் கருகாம இருக்கு, பச்சைக் கட்டம். இவ நீலத்துல வந்தா. நான்தான் வேன் ஏத்திவிட்டேன். இங்கனதான் எங்கயோ ஓடியிருக்கா, பயந்தவ."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில்தான் நான் நின்றேன். பாண்டி காட்டுப் பக்கம் நடந்ததும் ஜெயபாண்டி அவளிடம் குனிந்தார்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீக. போலீசு நிக்குது. நைலான்ல வந்தவளை உள்ள விட்டோம்னு கேஸை அந்தப் பக்கம் திருப்பிருவாக. நானும் நீங்களும்தான் உள்ள போவணும். சாயந்தரம் அதுவாத் தெரியும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் பக்கம் எந்த விபத்திலும் முதலில் ஜீப்பில் ஏறுவது போர்மேன்தான். அத்தை எழுந்து காட்டுக்குள் போனாள். தேடப் போனவர்களில் நானும் இருந்ததால் அவள் பின்னால் போனேன்.

கருவேல முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. பாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தான். "ஏ அனு... நான்தான் வந்திருக்கேன், வா" என்று கூப்பிட்டான். புருஷன் கூப்பிட்டால் பயம் தெளிந்து வருவாள் என்று அவனிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு புதரிலிருந்து வேறொரு பெண் எழுந்து வந்தாள், ஒற்றைச் செருப்போடு. அவளைப் பார்த்ததும் அவனுக்கு நம்பிக்கை கூடிவிட்டது. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். அத்தையும் கூப்பிட்டாள். அதை நான் கேட்டேன். "அனுப்பிரியா" என்று இரண்டு தடவை, முழுப் பெயரையும் சொல்லி. வாசலில் பேர் பதிகிறபோது கூப்பிடுவது போலவே இருந்தது. இல்லாத ஒருத்தியை அவள் ஏன் கூப்பிட்டாள் என்று பிறகு நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்கவில்லை.

மூன்றாவது தடவை கூப்பிட வாயெடுத்தவள் நின்றுவிட்டாள்.

"பாண்டி, நில்லுப்பா."

அவன் திரும்பினான்.

"அந்தப் பச்சைக் கட்டம் எஞ்சேலை. நான்தான் மாத்திக் கட்டிவிட்டேன்."

அவனுக்கு அது உடனே உறைக்கவில்லை. "யாருக்கு?" என்றான்.

"நைலான்ல வந்தா. நீலச்சேலை அங்கன அலமாரில இருக்கு."

"அதே மாதிரி சேலை வேற யாராச்சும் கட்டியிருப்பாகள்ல?"

"கொசுவம் நான் மடிச்சதுய்யா."

அவன் காட்டைப் பார்த்துத் திரும்பி இன்னொரு தடவை கூப்பிட்டான். குரல் பாதியில் நின்றது. பிறகு, இவ்வளவு நேரம் சொல்லாமல் ஏன் கூட வந்தாய் என்று கேட்பான் என நினைத்தேன். அவன் கேட்டது வேறு. நைலான் என்றால் வீட்டுக்குத்தானே அனுப்புவார்கள், அனு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டான்.

அத்தை ஒரு சொல்லில் தப்பித்திருக்கலாம். அங்கே அவளை மறுத்துப் பேச யாருமில்லை. நான்கூட, இல்லை என்று சொல்லிவிடு அத்தை என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போறேன்னுதான் சொன்னா" என்றாள். "நான்தான் விடலை."

பாண்டி அவளைத் திட்டவில்லை. அடித்திருந்தால் அவள் வாங்கியிருப்பாள், அப்படித்தான் நின்றாள். அவன் முள்ளை விலக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தான். ஆஸ்பத்திரிக்கு என் பைக்கில் கூட்டிப் போனேன். இந்த முறை அவன் முகத்தையோ துணியையோ பார்க்கவில்லை. காலைக் காட்டச் சொன்னான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆமா என்றான்.

ஜெயபாண்டியை அன்று மாலையே கொண்டுபோனார்கள். மறுநாள் அத்தையையும் விசாரித்தார்கள். அவள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். வழக்கு சேலையின் பக்கம் திரும்பவில்லை. கூடுதலாக மருந்து வைத்திருந்ததுதான் காரணம் என்று எழுதினார்கள். அவளிடம் அதை நான் போய்ச் சொன்னபோது, சரி மருமகனே என்றாள். அவளுக்கு அது எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை.

இரண்டரை மாதம் கழித்துக் கம்பெனி திறந்தது. அத்தை ஐந்து சேலைகளோடு வாசலில் நின்றாள். யாரும் அந்தப் பையைத் தொடவில்லை. தப்பான துணியில் வந்தவர்கள் பேசாமல் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். ஐப்பசி நெருங்கியும் வெயில் குறையவில்லை. ஒரு வாரம் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் நாலு பேர் ஒன்றாகத் திரும்பியபோது அம்மாதான் அவளிடம் சொன்னாளாம். "அவுக கோவத்துல போகலை மதினி. இதைக் கட்டி உள்ள போய் ஒண்ணு ஆச்சுன்னா, தேடி வாரவுகளுக்கு அடையாளம் தெரியாதுல்ல."

அந்த அடையாளத்தைச் சொல்லிவைப்பதும் தன் வேலை என்று அத்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து பை மறுபடி திறந்தது.

போன வெள்ளிக்கிழமை பிரஸ்ஸில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தை. கம்பெனிக்குள் போன் பேசக் கூடாது. அதனால் மண்பாதையில் தள்ளிப் போய் நின்றிருப்பாள், காற்றுச் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை மருமகனே, பயப்படாதீக என்றாள். அம்மாவின் துணியில் கலப்படம் இருந்ததாம், பையிலிருந்து எடுத்து மாற்றிக் கட்டிவிட்டாளாம்.

"உங்கம்மா இன்னைக்குச் சாம்பக்கலரு. காவிக் கரை. காதுல விழுந்துச்சா?"

விழுந்தது என்றேன். திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

சாம்பல் கலர், காவிக் கரை என்றேன். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை போல. இன்னொரு தடவை, உரக்கச் சொன்னேன்.