தலைவி ஆகாத கல்லியோப்பி

தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை கல்லியோப்பி வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்றபடியே புருஷனிடம் சொன்னாள்: "எம்பத்தெட்டு ஓட்டு!"

பெரிக்லிஸ் மத்தி மீனை மாவில் புரட்டிக்கொண்டிருந்தான். துறைமுகச் சுங்க அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அடுப்பு அவன் பொறுப்பு.

"மொத்தம் எத்தனை பேர் போட்டாங்க?"

"நூத்திப்பத்து."

"அப்ப இருபத்திரண்டு பேருக்கு மூளை சரியில்ல. உளவியலாளர் சங்கம்னு பேர் வச்சுக்கிட்டு, முதல்ல உங்க ஆளுங்களைப் பாருங்க" என்றான். மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டான். கோட்டு முதுகில் பத்து விரலும் பதிந்தன. அவள் திட்டவில்லை.

அந்த எண்பத்தெட்டு ஓட்டுக்குப் பின்னால் முப்பது வருஷம் இருந்தது. தெசலோனிக்கி நகரத்தில் படித்து முடித்து ஊருக்குத் திரும்பியபோது, மகள் பள்ளிக்கூட டீச்சர் என்றுதான் அவள் அம்மா தெருவில் சொல்லி வைத்திருந்தாள். பைத்தியங்களோடு வேலை பார்க்கிறாள் என்று தெரிந்தால் எவன் கட்டுவான் என்ற பயம். அவள் வேலைக்குச் சேர்ந்த அரசு மனநல மையத்துக்கு வருகிறவர்கள், வழியில் யாராவது கேட்டால், மேல்மாடியில் பல் வைத்தியரைப் பார்க்கப் போகிறோம் என்பார்கள். ஊரில் இத்தனை பேருக்குச் சொத்தைப் பல்லா என்று பல் வைத்தியரே ஒருநாள் கேட்டாராம். அந்தக் காலத்தில் சாராயக் கடை மாடியில் பதினோரு பேர் கூடி ஆரம்பித்ததுதான் மாவட்ட உளவியலாளர் சங்கம். பதினோராவது ஆள் கல்லியோப்பி.

பிறகு பதினான்கு வருஷம் அவள்தான் செயலாளர். மூன்று தலைவர்கள் வந்து போனார்கள். பள்ளிகளில் காலியாகக் கிடந்த உளவியலாளர் வேலைகளை நிரப்பச் சொல்லி அமைச்சகத்துக்கு அவள் எழுதிய கடிதங்களை அடுக்கினால் இடுப்பு உயரம் வரும். கடைசியில் ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது. பத்திரிகையில் தலைவர் படம் வந்தது. ஓரத்தில் ஒரு கைப்பையும் அரைத் தோளும் தெரிந்தன. அது கல்லியோப்பி. தலைவர்களின் பேச்சையும் அவளே எழுதினாள். ஒரு தலைவருக்கு மூச்சு வாங்கும் என்பதற்காக அடைப்புக்குறிக்குள் 'இங்கே நிறுத்தவும்' என்று எழுதிக் கொடுத்தாள். மனுஷர் அதையும் சேர்த்து மேடையில் வாசித்தார்.

பதவி ஆசையே கிடையாது என்று சொல்லித் திரிகிற ரகம் இல்லை அவள். ஆசை இருந்தது. வருகிற மே மாதம் நாடு முழுவதிலிருந்தும் உளவியலாளர்கள் இந்த ஊருக்கு மாநாட்டுக்கு வரப்போகிறார்கள். வரவேற்புரையை எழுதியவளே ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும். இதில் என்ன தப்பு?

சங்கத்து வழக்கம் இதுதான். உறுப்பினர்கள் பெயருக்கு நேரே சிலுவைக் குறி போட்டு ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஏழு பேரும் ஒரு வாரத்துக்குள் தனியாக உட்கார்ந்து, யார் தலைவர், யார் செயலாளர், யார் பொருளாளர் என்று பிரித்துக்கொள்வார்கள். கூட்டத்தைக் கூப்பிட வேண்டியது அதிக ஓட்டு வாங்கியவர். தலைவர் ஆவதும் அவரேதான். இப்படி எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஆனால் முப்பது வருஷமாக யாரும் மாற்றியதும் இல்லை. போதாததற்கு இந்த ஏழு பேரில் மற்ற ஆறு பேரையும் நிற்கச் சொல்லிக் கெஞ்சியவளே கல்லியோப்பிதான். அவள் சேர்த்த அணிதான் முழுசாக ஜெயித்திருந்தது. அதிலும் அதிக ஓட்டு அவளுக்குத்தான்.

அந்த அணியில் மூன்றாவதாக வந்தவள் ஃப்ரோசோ.

ஃப்ரோசோவைப் பற்றிச் சொல்வதானால் வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறர் துக்கத்தை நாள் முழுக்கக் கேட்கிற தொழிலில், கேட்கிறவர்களும் எங்காவது கொட்டித் தீர்க்க வேண்டுமல்லவா? அதற்காக ஐந்து பேர் ஒன்பது வருஷமாக வியாழன் மாலை நாலு மணிக்கு ஃப்ரோசோவின் ஆலோசனை அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். தங்கள் தவறுகளை, சந்தேகங்களை, வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்று நினைத்ததையெல்லாம் அங்கே சொன்னார்கள். ஒரே ஒரு விதி: கதவுக்குள் சொன்னது கதவைத் தாண்டக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, கல்லியோப்பி அங்கே உடைந்துபோனாள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஓர் இளைஞன் மூன்று வருஷமாக அவளிடம் வந்துகொண்டிருந்தான். பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அதன் பிறகு நாலு மாதம் கல்லியோப்பிக்கு யார் பேசுவதும் காதில் ஏறவில்லை. எதிரே உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டினாள். குறிப்பேட்டில் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதினாள். ஒரு பெண் தன் அப்பா இறந்துவிட்டதை அரை மணி நேரம் சொல்லி முடித்தபோது, "அப்பா இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டாள். இதைச் சொல்லித்தான் வட்டத்தில் அழுதாள். பெரிக்லிஸிடம் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. தன்னிடம் வருகிறவர்கள் பெயர் ஒன்றைக்கூட அவள் வீட்டு வாசல்படி ஏற்றியதில்லை.

அன்று ஃப்ரோசோ தரையில் மண்டியிட்டு அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "இது இங்கயே இருக்கும்டி, போப்பி. செத்தாலும் வெளிய போகாது" என்று செல்லப் பெயர் சொல்லித் தேற்றினாள். ஆறு வாரம் லீவு எடுக்கச் சொன்னவளும் அவள்தான். கல்லியோப்பி எடுத்தாள், தேறினாள், வேலைக்குத் திரும்பினாள்.

அதே வட்டத்தில் ஃப்ரோசோவும் ஒன்று சொல்லியிருக்கிறாள். ஒரு விவாகரத்து வழக்கில், குழந்தையைப் பத்தே நிமிஷம் பார்த்துவிட்டு, பல தடவை பார்த்ததுபோல் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதிவிட்டாள். வெளியே தெரிந்தால் உரிமமே போயிருக்கும். மறுநாள் காலையில் அவளோடு நீதிமன்றப் படியேறி, அறிக்கையைத் திரும்பப் பெற வைத்தவள் கல்லியோப்பி. அதையும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் சங்க அறையில் ஏழு பேரும் கூடினார்கள். அழைப்பு அனுப்பியது கல்லியோப்பி. கணப்பு அடுப்பைப் பற்றவைத்தது, காபி போட்டது, ரவையும் பாலும் நிறைத்த பாகு இனிப்பை ஒரு தட்டு நிறைய வாங்கி வந்தது எல்லாம் அவளே. பழக்கதோஷம், நடவடிக்கைப் புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொண்டு தேதியை எழுதினாள்.

"சரி, ஆரம்பிக்கலாமா? முதல்ல தலைவர்..." என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஃப்ரோசோ. "போப்பி, உன் மேல இருக்கிற பிரியத்துலதான் சொல்றேன். எனக்குள்ள ஒரு கவலை இருக்கு."

மற்ற சங்கங்களில் என்றால் மேசையைத் தட்டுவார்கள், கத்துவார்கள், நாற்காலிகூடப் பறக்கும். உளவியலாளர்கள் கோபப்படுவதில்லை. கவலைப்படுவார்கள்.

"என்ன கவலை?"

"மாநாடு வருது, அமைச்சகம், பத்திரிகை, டிவின்னு ஓயாத அலைச்சல். உன்னால தாங்க முடியுமாடி? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீ எப்படி இருந்தேன்னு பாத்தவ நான். நாலு மாசம் எதிர்ல இருக்கிறவங்க பேசறதே உன் காதுல விழல. அப்பா செத்துப்போன பொண்ணுகிட்ட அப்பா சௌக்கியமான்னு கேட்டே. மறுபடியும் அப்படி ஒரு நிலைமைக்கு உன்னைத் தள்ளிவிட எனக்கு மனசு வரல."

கல்லியோப்பிக்கு முதலில் புரியவே இல்லை. இந்த வார்த்தைகள் இந்த அறைக்குள் எப்படி வந்தன? மேசையைச் சுற்றிப் பார்த்தாள். வட்டத்துக்கு வராதவர்கள் அங்கே நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வாரம் முழுக்கப் பேசி வைத்திருக்கிறார்கள்.

"இதை இவங்ககிட்ட எப்ப சொன்ன?"

"அக்கறைல கேட்டாங்க. நானும் அக்கறைலதான் சொன்னேன்."

"நாங்க எல்லாரும் உங்களுக்காகத்தான் இருக்கோம்கா" என்றாள் நாலு பேரில் ஒருத்தி. கல்லியோப்பியின் கடிதங்களால் வேலை கிடைத்த ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி.

ஸ்தாதிஸ் மட்டும் மிச்சம். அவனும் வியாழக்கிழமை வட்டத்து ஆள். கல்லியோப்பி அழுத அன்று அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன்.

"ஸ்தாதிஸ், நீ சொல்லு. அந்த ரூம்ல நீயும்தானே இருந்த? அங்க பேசினதை இங்க பேசலாமா?"

ஸ்தாதிஸ் தட்டிலிருந்த இனிப்பைக் கரண்டியால் ரெண்டாக வெட்டினான், நாலாக வெட்டினான். "அக்கா, எனக்கு ரெண்டு பக்கமும் புரியுது" என்றான்.

ரெண்டு பக்கமும் புரிகிறதாம். கழுத்தை அறுக்கிற பக்கமும் புரிகிறது, அறுபடுகிற பக்கமும் புரிகிறது. படித்த படிப்பு வீண்போகவில்லை.

நீதிமன்ற அறிக்கை கல்லியோப்பியின் நாக்கு நுனி வரை வந்தது. பத்து நிமிஷம் பார்த்த குழந்தை, பொய் அறிக்கை என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். ஃப்ரோசோ எழுந்து ஓடியிருப்பாள். ஊரில் வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள், சொல்வதும் நியாயம்தான். ஃப்ரோசோவும் அதை எதிர்பார்த்தாளோ என்னவோ, கழுத்துச் சங்கிலியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கல்லியோப்பி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கதவுக்குள் சொன்னது அது. அவளால் முடியவில்லை. அது பெருந்தன்மையும் இல்லை. முப்பது வருஷமாக வாயைக் கட்டிப் பழகிய பழக்கம், அவ்வளவுதான்.

அதனால் பேனாவை எடுத்தாள். "சரி, எழுதறேன். ஃப்ரோசோ சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. அடுத்த பொதுக்கூட்டத்துல வாசிக்கட்டும். யார் எதை எங்கிருந்து எடுத்துட்டு வந்தாங்கன்னு நூத்திப்பத்து பேருக்கும் தெரியட்டும்."

ஃப்ரோசோ குரலை இன்னும் தாழ்த்தினாள். அழுகிறவர்களிடம் பேசுகிற அதே குரல். "எழுதுடி, போப்பி. உனக்கு அது ஆறுதல்னா எழுது. ஆனா வாசிச்சா, ஏன் அப்படி ஆனேன்னு கேப்பாங்க. யார் செத்ததுன்னு கேப்பாங்க. சின்ன ஊர். அந்தப் பையனோட அம்மா இங்கதான் இருக்காங்க."

பேனா நின்றது. கல்லியோப்பி நாலு தெரு தள்ளி இருக்கிற அந்த அம்மாவை நினைத்தாள். மகன் எதற்காக மனநல மையத்துக்குப் போனான், என்ன சொன்னான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஃப்ரோசோவுக்கு அது நன்றாகத் தெரியும். கல்லியோப்பி எதற்குக் கட்டுப்படுவாள் என்பதை ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அளந்து வைத்திருந்தாள்.

ஃப்ரோசோவே தலைவியாக இருக்கட்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். ஆறு கைகள் எழுந்தன. ஸ்தாதிஸின் கை கடைசியாக, அரைகுறையாக எழுந்தது.

"நீதான் செயலாளர், அதுல பேச்சே இல்ல. நீ இல்லாம இந்தச் சங்கம் நடக்குமா?" என்றாள் ஃப்ரோசோ. "'ஒருமனதாக'ன்னே போட்டுடேன். பாக்க நல்லாருக்கும்."

கல்லியோப்பி எழுதினாள்: 'கலந்துரையாடலுக்குப் பின் திருமதி ஃப்ரோசோ தலைவியாக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.' அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. தன்னை வெட்டிய கத்தியைத் தானே துடைத்து வைக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. செயலாளர் வேலை தனக்கு வேண்டாம், வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது ஃப்ரோசோ பின்னாலேயே வந்தாள். "கோவமாடி? வியாழக்கிழமை வா. உக்காந்து பேசுவோம். எல்லாத்தையும் வெளிய கொட்டு."

"யார்கிட்ட?" என்று கேட்டாள் கல்லியோப்பி.

வீட்டில் பெரிக்லிஸ் பீன்ஸ் சூப்பும் ஆலிவும் வைத்து, புது ஒயின் பாட்டிலைத் திறந்து வைத்திருந்தான். "வாங்க வாங்க தலைவியம்மா! இனிமே இந்த வீட்டுல உக்காரணும்னாலும் மனு குடுக்கணுமா?"

"ஃப்ரோசோதான் தலைவி."

"என்ன விளையாட்டு இது? எம்பத்தெட்டு ஓட்டு யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்புறம் ஏன்?"

கரண்டியைக் கையில் பிடித்தபடி அவன் காத்திருந்தான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த இளைஞனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செத்துப்போன அந்தப் பையனின் மாமாவோடுதான் பெரிக்லிஸ் தினமும் காபிக் கடையில் பகடை ஆடுகிறான். சொல்ல முடியாது. இப்படி யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்லி அழ அவளுக்கு உலகத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது. பதவி போனதை அவள் தாங்கிக்கொள்வாள். வியாழக்கிழமை வட்டத்தின் அந்த ஐந்து நாற்காலியையும் ஃப்ரோசோ எடுத்துக்கொண்டுவிட்டாளே, அதை எப்படித் தாங்குவது?

"கேக்கறேன்ல, ஏன்?"

"நான் களைச்சுப் போயிட்டேன், பெரிக்லிஸ். நானே வேணாம்னுட்டேன்" என்றாள் கல்லியோப்பி.

அவன் நம்பினான். சூப்பை ஊற்றினான். "நல்லதுதான்டி. ஃப்ரோசோ நல்லவ, பாத்துக்குவா" என்றான்.