இரும்பைக் காணோம்

போன வாரம் கவரைப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் உமா பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். ஆராய்ச்சி மாணவி. என்ன ஆராய்ச்சி? நட்சத்திரங்கள் அனுப்பும் எக்ஸ்ரே!

நம் சூரியனைப் போன்ற சாதாரண நட்சத்திரங்கள்தான். மேற்பரப்பில் சில ஆயிரம் டிகிரி. அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய ஆவியில்... பல லட்சம் டிகிரி. அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையத்தானே வேண்டும்? அங்கே ஏறுகிறதாம். ஏன் என்று இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாதாம். எனக்கு என்னவோ போலிருந்தது.

அந்த எக்ஸ்ரேயைக் கோடு கோடாகப் பிரித்து, அதில் இரும்பைத் தேடுகிறாள் உமா. பக்கத்துக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளில் இல்லாத இரும்பா என்று கிண்டலடித்தேன். அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டாம் — வந்த எக்ஸ்ரே நாம் பார்க்கும் நட்சத்திரத்துடையதா, பக்கத்து நட்சத்திரத்துடையதா என்று பார்த்துவிட வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு வசந்தா ஒரு பெரிய கவரோடு வந்தார். அவர் கணவர் குமார் ரோலிங் மில்லில் ஃபிட்டர். இருமல் நிற்கவில்லை என்று எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். நெஞ்சில் கட்டி தெரிகிறது, உடனே சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

"நீ எக்ஸ்ரேதான கண்ணு படிச்சிக்கினு கீற? இத்தக் கொஞ்சம் படிச்சி சொல்லு."

அது வேறு படிப்பு என்று உமா சொல்லிப் பார்த்தாள். அழுகிறவரிடம் எதை விளக்குவது? படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்பு நெஞ்சுக்குள் வெள்ளையாக ஓர் உருண்டை. நான் அந்த உருண்டையைப் பார்த்தேன். உமா மட்டும் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தப்ப மாமாவுக்கு இங்க ஸ்டீல் தகடு வெச்சாங்களே. எடுத்துட்டாங்களா?"

"இன்னாத்த எடுத்தாங்க... உள்ளதான் கீது. மழ வந்தா குத்துதுன்றாரு."

"இதுல இரும்பையே காணோம் அத்த. இது மாமா இல்ல."

எக்ஸ்ரே எடுத்த இடத்துக்கு ஓடினோம். அன்று காலை குமார் என்று இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். கவர் மாறிவிட்டது. மறுபடி எடுத்தார்கள். தகடு பளிச்சென்று தெரிந்தது. நெஞ்சு சுத்தம். வெறும் சளிதான். வசந்தா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து விம்மினார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உமாதான் கேட்டாள், அப்படியானால் அந்த இன்னொரு குமார்?

ஏதோ ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் ஆளாம். முகவரி கிடையாது. செல்போனும் கிடையாது. நம் குமாரின் படத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் சிரித்துக்கொண்டே போனாராம்.

ஃபேக்டரி கேட்களில் சொல்லி வைத்திருக்கிறோம். தேடிக் கொடுக்கிறேன் என்று வாங்கி வந்த அந்தக் கவர் என் பையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ட்ரெயினில் யாராவது இருமினால் போதும், பெயர் என்ன என்று கேட்டுவிடுகிறேன்.

இதுவரை மூன்று பேர் குமார் என்றார்கள். மூன்று பேருமே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.