இரண்டு சொட்டுத் தண்ணீர்

அவளுடைய சொந்தப் பெயரை அம்மாவைத் தவிர யாரும் சொல்வதில்லை. மணப்பெண்களுக்கு மேக்கப் போடுவதில் அவ்வளவு வேகம். அதனால் எல்லோருக்கும் அவள் மின்னலக்கா. மற்றவர்கள் ஒரு முகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் பெண், பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி என்று எல்லோரையும் முடித்துவிட்டு, டீ கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பாள். நீ ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்.

"நான் பாக்காத கல்யாணமா? மாப்பிள்ளைங்களைத் தள்ளி நின்னு பாத்ததே போதும்."

அந்த வேகத்துக்குப் பாதிக் காரணம் அவள் பை. ஓரம் தேய்ந்த கறுப்பு ரெக்சின் பை. ஜிப்பைத் திறந்தால் பவுடரும் எண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். மூடி தொலைந்த லிப்ஸ்டிக், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பிரஷ்கள், ஹேர்பின், ஊக்கு, பிய்ந்த ஸ்பாஞ்சு எல்லாம் குப்பையாகக் கிடக்கும். ஆனால் குனிந்து பார்க்காமலே கையை விடுவாள், வேண்டியது கையில் வரும்.

"இதைக் கொஞ்சம் கழுவி அடுக்கி வெச்சா என்னடி?" என்று அம்மா எப்போதாவது கேட்பாள்.

"அடுக்கினா எனக்கே ஒண்ணும் கிடைக்காதும்மா. விடு."

வீட்டில் மூன்று பேர். அம்மா, அவள், அப்புறம் தங்கை. தங்கையைச் சின்னது என்பார்கள். பெயர்தான் சின்னது, ஆள் அக்காவைவிட ஒரு சாண் உயரம். பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒரு கையால் வளைத்து, பின்சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளை மேலே இருக்கும் கண்ணாடியில் பார்த்தே அடக்கிவிடுவாள். வேனைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் இருந்த மெக்கானிக் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவளுக்கும் ஆசைதான். நாள் குறித்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், ஒத்திகையாக ஒரு தடவை மேக்கப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தார்கள். கண்ணாடி வேண்டாம் என்று சின்னது லென்ஸ் வாங்கியிருந்தாள். ஜன்னலோர நாற்காலியில் அவள் உட்கார, அக்கா பைக்குள் கையை விட்டு மை டப்பாவை எடுத்தாள். காய்ந்து வெடித்திருந்தது. சமையலறைக் குழாயைத் திறந்து, விரல் நுனியில் தண்ணீர் ஏந்தி, இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தாள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் செய்துவந்தாள்.

"அக்கா, உறுத்துது."

"லென்ஸ் புதுசு, அப்படித்தான் இருக்கும். ஆடாதே, கோடு கோணும்."

கோடு கோணவில்லை. அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள். சின்னது கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "யாருக்கா இது, பக்கத்து வீட்டுப் பொண்ணா?" என்று சிரித்தாள்.

மறுநாள் இடது கண் சிவந்தது. தூசி என்று நினைத்து வேனை எடுத்துப் போனாள். அதற்கடுத்த நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் தலையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு முனகினாள். கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கருவிழியின் மேல் அரிசிக் குருணை போல ஒரு வெள்ளைப் புண். டாக்டரம்மா லென்ஸையும் வாங்கிக்கொண்டு, கண்ணில் என்னவெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டார். அக்கா பையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டார்கள். புண் ஆறுவதற்குப் பதில் பரவியது. பரிசோதனை முடிந்து டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணுல இருக்கற கிருமியும் உங்க மை டப்பாவுல இருக்கற கிருமியும் ஒண்ணுதான். இதுல தண்ணி ஏதாவது கலந்தீங்களா?"

"காஞ்சு போச்சுன்னா ரெண்டு சொட்டு விடுவேன்."

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி."

டாக்டர் திட்டவில்லை. "இனிமே விடாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

கண் போய்விட்டது. தானமாகக் கிடைத்த கருவிழியை வைத்துத் தைத்துப் பார்த்தார்கள். உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பாலாடை படிந்த மாதிரி ஒரு வெளுப்புதான் மிஞ்சியது. ஒற்றைக் கண்ணோடு பிள்ளைகளை ஏற்றி ஓட்ட முடியாது என்று பள்ளிக்கூடத்தில் வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மெக்கானிக் பின்வாங்கவில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டானே தவிர, வாரம் தவறாமல் வந்தான். ஆனால் பேசும்போது அவன் பார்வை அவள் முகத்துக்கு வராது, காதுப் பக்கம் போய் நின்றுவிடும். ஒரு நாள் சின்னதே சொல்லிவிட்டாள்.

"நீங்க நல்லவர்தான். ஆனா காலம் பூரா என் காதைப் பாத்துக்கிட்டுக் குடும்பம் நடத்த முடியாது. போயிட்டு வாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான். வாசல் வரை போய் அவள் வழியனுப்பினாள்.

அக்கா வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்த பை அலமாரிக்கு அடியில் கிடந்தது. ஒரு நாள் காலை அதை எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிக்குக் கிளம்பினாள்.

"எங்க கொண்டுபோறே?" என்றாள் சின்னது.

"தூக்கி எறியப்போறேன். இனி இந்தத் தொழிலே வேண்டாம்."

"நீ தொழிலை விட்டுட்டா என் கண்ணு வந்துடுமா?"

அக்கா நின்றுவிட்டாள்.

"நானும் வீட்ல, நீயும் வீட்ல. அம்மா யார் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகணும்? கீழ உக்காரு. எல்லாத்தையும் கொட்டு."

பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டினாள். சின்னது எதிரில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னாள். மஸ்காரா எப்போது வாங்கியது? அக்காவுக்குத் தெரியவில்லை. போடு குப்பையில். ஐலைனர்? குப்பையில். ஸ்பாஞ்சைக் கத்திரியால் இரண்டாக நறுக்கச் சொன்னாள். வெளியே வெறும் பழுப்பு. உள்ளே கறுப்பு கறுப்பாகப் பூசணம். இதைத்தான் அவள் அத்தனை பெண்களின் கன்னத்திலும் ஒற்றியிருந்தாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"முடிஞ்சுதா? உக்காரு. இன்னும் பிரஷ் இருக்கு."

பிரஷ்களை ஷாம்பு விட்டு அலசினாள். முதல் தண்ணீர் சேறு மாதிரி வந்தது. அது தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசி, பிழிந்து, முடிப்பக்கம் கீழே தொங்கும்படி கொடியில் கிளிப் மாட்டினாள். லிப்ஸ்டிக்கின் மேல்பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள். பென்சில்களைப் புதிதாகச் சீவினாள். கடைசியில் பையை உட்புறம் வெளியே புரட்டி, ஜிப்பின் பற்களைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாள். சின்னது ஒரு வார்த்தை பாராட்டவுமில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவுமில்லை.

"ஒவ்வொரு திங்கக்கிழமையும் இதைப் பண்ணணும். என் முன்னாடி" என்றாள்.

அப்படியே நடந்தது. வேறு பேச்சு அவர்களுக்குள் இல்லை. சோறு போடுவதற்கும் கதவைச் சாத்துவதற்கும்கூட நடுவில் அம்மாதான் தூது. ஆனால் திங்கட்கிழமை வந்தால் சின்னது சுவரோரம் வந்து உட்கார்ந்துவிடுவாள். அக்கா கழுவுவாள். அந்த ஒற்றைக் கண் அவள் கையை விட்டு நகராது. அம்மா ஒரு தடவை, "போதும்டி, அவளை வதைச்சது" என்று சொல்லிப் பார்த்தாள்.

"நான் என்னம்மா செஞ்சேன்? சும்மாதானே உக்காந்திருக்கேன்."

அக்காவின் வேகம் போய்விட்டது. முகத்துக்கு முகம் புதுப் பஞ்சு, புதுக் குச்சி, கை கழுவல். மின்னல் என்ற பெயர் கேலியாகிக்கொண்டு வந்தது. ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் கண் சிவந்திருப்பதைப் பார்த்தாள்.

"கண்ணுக்கு மட்டும் ஒண்ணும் போட மாட்டேன்மா. மத்ததெல்லாம் போடறேன். முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

"அழுதிருக்கா, அவ்வளவுதான். கல்யாணப் பொண்ணு அழாம இருப்பாளா?" என்றாள் பெண்ணின் அம்மா.

"இருக்கலாம். ஆனா நான் போட மாட்டேன்."

"அப்ப உன்னை எதுக்குக் கூப்பிட்டோம்? வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

சொந்தக்காரர்கள் முன்னால் பையைத் தூக்கி வாசலில் வைத்தார்கள். வேறொருத்தி வந்து கண்ணுக்கு மை தீட்டினாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுதுதான் இருந்திருக்கிறாள். கண்ணுக்கு மை போடத் தெரியாத மேக்கப்காரி என்று பேச்சு பரவியது. கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

அம்மாவிடம் அக்கா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சின்னது உள்ளறையில்தான் இருந்தாள். வெளியே வரவில்லை. கட்டில் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு சின்னதுக்கு வேறொரு ஊரில் வேலை கிடைத்தது. டாக்சி கம்பெனியில் போனை எடுத்து, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று டிரைவர்களுக்குச் சொல்கிற வேலை. அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே பெட்டியோடு போனாள். அம்மாவுக்குப் போன் செய்வாள். உடம்பு, மருந்து, சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்பாள்.

"கழுவினாளா?"

"கொடியில தொங்குது, வந்து பாரு" என்பாள் அம்மா.

ஒரு நாள் அம்மா பொறுக்க முடியாமல் போனைப் பெரியவள் காதில் வைத்து அழுத்திவிட்டாள். அந்தப் பக்கம் யாரோ டிரைவர் முகவரி கேட்டுக் கத்துவது கேட்டது. சின்னது வைத்துவிடுவாள் என்று இவள் காத்திருந்தாள். அவள் வைக்கவில்லை.

"நேர் வெயில்ல தொங்கவிடாதே. முடி கொட்டிடும்" என்றாள் சின்னது. பிறகு அந்த டிரைவருக்கு வழி சொல்லப் போய்விட்டாள்.

அக்கா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். பிரஷ்களைக் கழற்றி, நிழல் விழும் பக்கமாக மாற்றி மாட்டினாள்.