கால்மாட்டுப் பாதி

எங்கள் வீட்டு நாய்க்கு மெத்தை தேடி நான் அலைந்ததைப் பார்த்து உக்குவளை ஊரில் சிரிக்காதவர்கள் குறைவு. "டீச்சர், அடுத்து கட்டிலும் வாங்கப் போறீங்களா?" என்று ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார். "ஆமா, கட்டிலுக்கு மேல நுளம்பு வலையும் சேத்து" என்றேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முக்கால் ஆள் பாரமுள்ள ஒரு சீவன் காலையில் எழும்ப முடியாமல், முன்னங்கால்களை மட்டும் ஊன்றிக்கொண்டு, பின்பக்கத்தைத் தரையில் இழுத்தபடி நம்மைப் பார்த்து வாலை ஆட்டுவதை அவர்கள் பார்த்ததில்லை. வலிக்கிறபோதும் வாலை ஆட்டினானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் இப்போது இல்லை. போன மாரியோடு போய்விட்டான்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கடைசி வருஷ வேலையில், மாற்றலாகிப் போன துரை ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அல்சேஷன் கலப்பு. சப்பாத்துப் பெட்டிக்குள் வந்தவன் கொஞ்ச காலத்திலேயே கதவை அடைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். அம்மா ஆரம்பத்திலிருந்தே அவனை "அது" என்றுதான் சொல்வார். "அதுக்குச் சோறு வச்சியா", "அது நனையுது பாரு". அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுவார். நான் "டேய்" என்று கத்துவேன். எங்கள் மூன்று பேருக்கும் அவன் ஒரே மாதிரித்தான் வாலாட்டினான்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது முதுகில் புண் வரத் தொடங்கியது. ஆஸ்பத்திரி டொக்டர் நல்ல ரபர் மெத்தை ஒன்று போடச் சொன்னார். மாத்தளை டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் வாங்கினோம். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் படுக்காத மெத்தை அது. தடிப்பானது, கனமானது. கையை வைத்து அழுத்தினால் கொஞ்சம் இறங்கி, பிறகு கையைத் தாங்கிப் பிடிக்கும். அப்பா அதில் படுத்ததும், "இத முன்னமே வாங்கியிருந்தா எனக்கு நோய் வருத்தமே வந்திருக்காது" என்று கேலி செய்தார். அதில் அவர் அதிக நாள் படுக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் கடைசியாகப் படுத்த படுக்கை வீட்டில் தங்கக் கூடாது. பாய், தலையணை, போர்வை எல்லாம் பிணத்தோடு புறப்பட்டுப் போய் மயானத்து வேலியோரம் விழுந்துவிடும். தோட்டத்து லய வீட்டில் இருந்த காலத்தில் இதில் எந்தச் சிக்கலும் வந்ததில்லை. அங்கே யாரிடமும் மெத்தை இருந்ததில்லை. அப்பாவின் தலையணையும் போர்வையும் வழக்கப்படி போயின. மெத்தையை வேலியோரம் எறிய யாருக்கும் மனம் வரவில்லை. கலேவெலயில் மரக்கறி வியாபாரம் செய்கிற என் அண்ணன்தான் ஒரு முடிவு சொன்னார். "பொலித்தீன்ல சுத்தி வெறகுக் கொட்டில்ல போடு. கருமாதி முடிஞ்சதும் முதியோர் இல்லத்துக்குக் குடுத்திருவோம். புண்ணியமாப் போகும்."

கருமாதி முடிந்தது. மெத்தை போகவில்லை. வேன் பிடிக்கவா என்று கேட்டால் அம்மா இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பார். புதன்கிழமை கேட்டால் அமாவாசை வருகிறது என்பார். பிறகு ஆடி மாதம் வந்தது. ஆடியில் எதையும் வெளியே கொடுக்கக் கூடாதாம். செத்தவர் மெத்தை வீட்டு எல்லைக்குள் இருந்தாலும் தோஷம், கொடுத்தாலும் தோஷம் என்றால் அந்த மெத்தைதான் என்ன செய்யும்? நான் சலித்துப்போய் விட்டுவிட்டேன்.

பட்ட காலிலே படும் என்பது சும்மா இல்லை. அப்பா போன கையோடு நாய்க்கும் இடுப்பு விழத் தொடங்கியது. எங்கள் வீட்டுத் தரை சிவப்புச் சீமெந்து. அம்மா அதற்குப் பாலிஷ் போட்டுத் தேங்காய் மட்டைப் பொச்சால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். துக்கம் வந்தபிறகு அவர் செய்த வேலையெல்லாம் அந்தத் தரையைத் தேய்த்ததுதான். அவன் எழும்பப் பார்ப்பான். பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். ஒருநாள் அப்படியே விழுந்து, எழும்ப முயற்சி செய்யாமலே கிடந்தான். அன்றுதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மிருக டொக்டரிடம் போனேன்.

அவர் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, திரும்பாது. மாத்திரை வலியைக் குறைக்கும். ஆனால் அவன் எதில் படுக்கிறான் என்பதுதான் முக்கியம். குளிர்ந்த தரையில் விடாதே. முழங்கை, இடுப்பு எலும்பு தரையில் இடிக்காத தடிப்பு வேண்டும். அதற்காக மெத்தென்று புதைகிறதையும் போடாதே. புதைந்தால் மேலே ஏறி வர அவனுக்குப் பலம் இல்லை. உன் கை முட்டியால் அழுத்திப் பார்த்து வாங்கு என்றார்.

அதிலிருந்து நான் போகிற இடமெல்லாம் மெத்தையைக் குத்திப் பார்க்கிற பெண்ணாகிவிட்டேன்.

முதலில் ஸ்பொஞ்ச். அதே மாத்தளை முதலாளியிடம்தான் வாங்கினேன். புதிதாக இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. மாதம் திரும்புவதற்குள் அவன் படுக்கிற இடம் மட்டும் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. முழங்கையில் முடி உதிர்ந்து காய்ப்பு வந்தது. பிறகு பக்கத்து வீட்டு அக்கா இலவம்பஞ்சில் ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார், பாவம், தன் மரத்துப் பஞ்சு. அவன் அதில் ஆசையாகப் படுத்தான். எழும்ப நேரம் வந்தபோது பஞ்சு அவனை விடவில்லை. கால் வைத்த இடமெல்லாம் குழி. அவன் அழுதான். நாய் அழுகிற சத்தத்தைக் கேட்டு அந்த அக்காவே வேலிக்கு வந்து, "எடுத்துரு டீச்சர், எடுத்துரு" என்று தானும் அழுதார். கடைசியாகத் தென்னந்தும்பு மெத்தை. அது தாங்கியது, உண்மை. ஆனால் அவனுக்கு மூத்திரம் அடங்காமல் போன நேரம் அது. தும்பு குடித்த ஈரம் அந்த மாரி மழையில் காயவே இல்லை. புண்ணும் நாற்றமும்தான் மிச்சம்.

திரும்பவும் முதலாளியிடம் போய் நின்றேன்.

"டீச்சர், மனிசனோ மிருகமோ, எழும்ப ஏலாதவங்களுக்கு ஒண்ணுதான்" என்றார் அவர். "ஒங்கட வாப்பாவுக்கு எடுத்தீங்களே, அந்த ரபர்தான் சரி. இப்ப அது வாரதில்ல. சொல்லி எடுக்கோணும், விலையும் முந்தி மாதிரி இல்ல."

அவர் சொன்ன விலைக்கு என் சம்பளம் இடம் கொடுக்காது. அதைவிட, சரியான மெத்தை எங்கள் விறகுக் கொட்டிலில் பொலித்தீன் சுற்றிக் கிடக்கிறது. அன்று பின்னேரமே அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "அவரு படுத்தத நாய்க்குப் போடவா?"

"சும்மாதானேம்மா கெடக்கு."

"ஒங்கப்பாவ நாயோட சேக்கப் பாக்குறியா? ஊருல நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"ஊர் ஏற்கெனவே சிரிக்குது. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்."

"நான் செத்தப் பொறகு என்னா வேணுமோ செஞ்சுக்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கொடுக்கவும் விடமாட்டீங்க, எடுக்கவும் விடமாட்டீங்க, வைக்கோல் போர் காக்கிற நாய்கூட இதைவிட நியாயமாக நடக்கும் என்று கத்தினேன். அம்மா இன்னும் வேகமாகத் தேய்த்தார். அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டினான். சண்டையே தன்னால்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணன் போனில் கோல் எடுத்தார். "அது படுற பாடு போதும். நீயும் பள்ளிக்கூடம் போற புள்ள, அம்மாவால தூக்கவும் ஏலாது. ஞாயித்துக்கெழம வாறேன். டொக்டர்கிட்டக் கொண்டு போயி ஊசி போட்டுருவோம்."

"அண்ணே, அவனுக்கு எழும்பத்தான் முடியல. சாப்பிடுறான். என்னப் பாத்தா வாலாட்டுறான்."

"எழும்ப முடியாட்டி நாய் என்னா செய்யும், சொல்லு?"

அவன் தானாக எழும்பினால் இருப்பான், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். விஷயம் அவ்வளவுதான்.

அந்த வாரம் மழை கொட்டியது. மண்சரிவுப் பயத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, அம்மாவைக் காணவில்லை. தும்பு மெத்தையை எடுத்த பிறகு விரித்துக் கொடுத்த சாக்கில் நாயும் இல்லை. ஈரத் தரையில் அவன் இழுத்துக்கொண்டு போன தடம் பின்பக்கம் போயிற்று. அதன் வழியே போனேன். விறகுக் கொட்டில் வாசலில், மண்ணில், அவன் கிடந்தான். உள்ளே பொலித்தீன் மடித்து விடப்பட்டிருந்தது. அம்மா மெத்தையில் படுத்திருந்தார்.

நடுவில் படுக்கவில்லை. சுவரோரமாக ஒடுங்கி, ஒருக்களித்து, மீதி மெத்தையை விட்டுவைத்துப் படுத்திருந்தார். அந்தக் கால லயத்து அறையில் அப்பா பக்கத்தில் படுக்கும்போது அப்படித்தான் படுப்பார். ஒற்றை ஆள் மெத்தை அது. அதிலும் அவருக்கு இடம் விட்டிருந்தார்.

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். நாய் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டான். அம்மா எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரி செய்தார்.

"சாக்கு எடுக்க வந்தேன்" என்றார்.

"சரிம்மா."

செவ்வாய்க்கிழமை, அமாவாசை, ஆடி, ஊர் வாய் எல்லாவற்றுக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. கண் நிறைந்து வழிந்தது. மழையில் நின்றதால் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. இனி அந்த மெத்தையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று நினைத்துக்கொண்டு அவனை உள்ளே இழுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு என் மனத்தையும் தயார்படுத்த ஆரம்பித்தேன். அதைப்போல ஒரு கஷ்டமான வேலை இல்லை.

சோற்றை வடித்துவிட்டு அம்மா கூடத்துக்கு வந்தார். கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத ரெண்டா வெட்ட முடியுமா?"

"எதம்மா?"

"மெத்தைய. தலமாட்டுப் பக்கம் எனக்கு விட்டுரு. அந்தப் பக்கந்தான் அவரு வாசம் இருக்கு. இதுக்குக் கால்மாடு போதும்."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "போ, போயி கத்திய எடு" என்று அம்மா அதட்டினார்.

கூடத்தில் மெத்தையை விரித்தோம். பள்ளிக்கூடப் பையில் இருந்த சோக்கட்டியால் சரி நடுவில் ஒரு கோடு போட்டேன். அம்மா குனிந்து பார்த்தார். முந்தானையால் அந்தக் கோட்டைத் துடைத்தார். என் கையிலிருந்து சோக்கட்டியை வாங்கி, தலைமாட்டுப் பக்கமாக ஒரு சாண் தள்ளிக் கோணலாக இன்னொரு கோடு போட்டார்.

"நீட்டமான சீவன். காலு வெளிய போகும்" என்றார்.

மரக்கறிக் கத்தி ரபரில் வழுக்கியது. பாண் ரொட்டி வெட்டுகிற பல்லுக்கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அறுத்தேன். அம்மா மறுபக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அறுந்த இடத்தில் உள்ளே வெள்ளையாக, புதிதாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் அவன் தானாக எழும்பினான். முதல் தடவை முடியவில்லை, இரண்டாம் தடவை மெத்தை அவன் காலைத் தாங்கிக் கொடுத்தது. நான் குசினி அடுப்பை விட்டு வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவன் நடந்து வந்து அவர் கையை முகர்ந்தான். அண்ணன் மெத்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த காரியத்தைச் சொல்லாமலே போய்விட்டார். மாரி முடியும்வரை அவன் இருந்தான். போனபோது அந்தக் கால்மாட்டுப் பாதியையும் அவனோடே குழிக்குள் வைத்தோம். வழக்கம்னா எல்லாருக்கும் வழக்கந்தானே என்று அம்மாதான் சொன்னார்.

அதெல்லாம் பிறகு. வெட்டி முடித்த அந்தப் பின்னேரத்தில் அவன் தன் பாதியைச் சுற்றிச் சுற்றி முகர்ந்துவிட்டு, பெருமூச்சோடு அதில் விழுந்தான். கால் வெளியே போகவில்லை. அம்மா தனக்கு மிஞ்சிய துண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ரபர் கனமானது, அவருக்கு மூச்சு வாங்கியது. நான் ஓடிப் போய் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

"விடு புள்ள, பாரமில்ல" என்றார்.

கடைசி நாட்களில் அப்பாவைத் தனியாகத் தூக்கி உட்கார வைக்கும்போதும் அம்மா இதையேதான் சொல்வார்.